46 என்ற எண்ணும் ஒரு வரித் தமிழும்

"அக்கா, நான் நார்மல்தான்னு இதுல தமிழ்ல ஒரு வரி எழுதித் தர முடியுமா?"

2012 பிப்ரவரியில் ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே, கையில் காரியோடைப் அறிக்கையோடு, அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்த்த அறிக்கையோடு, நின்றார். தாளின் மேல்பாதியில் ஜோடி ஜோடியாக அடுக்கிய குரோமோசோம் படம். அதற்குக் கீழே "46, எக்ஸ்எக்ஸ்", பெண்ணுக்கு இயல்பான கணக்கு. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவ்வளவுதான் அறிக்கை. "நாங்க அப்படி எழுதக்கூடாதும்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்க சொல்வாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். தாளை நான்காக மடித்துப் பர்சுக்குள் வைத்தார். கடலூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விதிப்படி நான் சொன்னதில் தவறில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டர், நான் டெக்னீஷியன். ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

அவர் ஊர் பண்ருட்டிப் பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்றதையெல்லாம் மாற்றிவிட்டேன். கல்யாணமாகி நான்கு வருடம், அதற்குள் மூன்று முறை கரு கலைந்திருந்தது. மூன்றும் மூன்று மாதத்துக்குள்ளேயே. பரிசோதனைக்கு வந்தது அவருடைய ரத்தம் மட்டும்தான். கணவரின் ரத்தம் வரவில்லை.

வளராத ரத்தம்

அவர் ஏன் தமிழில் ஒரு வரி கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் தானே புயலுக்குப் போக வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலை. எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி பறந்து எதிர்வீட்டு வாசலில் கிடந்தது. ஆய்வகத்துக்கு இருபத்து சொச்சம் கிலோமீட்டர். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் பஸ் இல்லை. நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது.

குரோமோசோம் பார்க்க, ரத்தத்தை நேரே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. செல் இரண்டாகப் பிரியப்போகிற கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் குரோமோசோம்கள் சுருண்டு தடித்துத் தனித்தனியாகக் கண்ணில் படும். அதனால் ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் போட்ட, பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, அதிலிருக்கும் வெள்ளை அணுக்களைப் பிரியத் தூண்டுகிற, பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்க்கிறோம். இதற்குக் கல்ச்சர் என்று பெயர். மூன்றாம் நாள் கோல்ச்சிசின் ஒரு துளி விட்டால், பிரிய ஆரம்பித்த செல்கள் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். கோல்ச்சிசின் வேறெங்கோ இருக்கிற மருந்து இல்லை. நம் வேலியில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில், கண்வலிக்கிழங்கு என்கிறோமே, அதில் இருக்கும் நஞ்சுதான். நிறுத்திய செல்லை நீர்த்த உப்புக்கரைசலில் ஊறவைத்து உப்பச் செய்து, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்ததில் பதப்படுத்தி, ஸ்லைடின் மேல் சொட்டுவோம். காற்றின் ஈரப்பதம்கூட இதில் கணக்கு. மழை மாதத்தில் சில நாள் குரோமோசோம்கள் அளவுக்கு மேல் விரிந்து ஒரு செல்லோடு இன்னொன்று கலந்துவிடும். காய்ந்த நாளில் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அப்புறம் டிரிப்சினில் சில நொடி, ஜிம்சா சாயத்தில் சில நிமிடம். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். வழக்கமாக இருபது செல்லை எண்ணுவோம்.

அவருடைய ரத்தம் டிசம்பர் 28 அன்று வந்தது. 31 அன்று எடுத்திருக்க வேண்டும். 30 அன்று கரண்ட் போனது, ஜெனரேட்டரில் இருந்த டீசல் அன்று மாலையோடு தீர்ந்தது, புதிதாக வாங்கி வர ஆள் இல்லை. இன்குபேட்டர் ஆறிப்போனது. உள்ளே இருந்த எல்லாக் கல்ச்சரும் வீணாயின. பொங்கலுக்கு அப்புறம் மறுபடி வந்து ரத்தம் கொடுக்கும்படி எல்லோருக்கும் போன் செய்தார்கள். போனில் சொன்னது என்ன தெரியுமா? "கல்ச்சர் வளரலை, திரும்ப வந்து கொடுங்க." நாங்கள் தினமும் எங்களுக்குள் பேசிக்கொள்கிற வார்த்தைதான். புயல், கரண்ட், டீசல் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

அந்தப் போனை எடுத்தவர் அவருடைய மாமியார்.

பிப்ரவரியில் ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் சொன்னது இதைத்தான். "முதல்ல எடுத்த ரத்தம் வளரலைன்னு சொன்னீங்களாம்க்கா. அதுலருந்து எங்க வீட்டுல, இவ ரத்தமே வளராத ரத்தம், அங்க கண்ணாடிக் குப்பியில கூட நிக்கலையாம், வயித்துல எப்படி நிக்கும்னு பேசறாங்க. இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு அங்க யாருக்கும் தெரியாது. தமிழ்ல ஒரு வரி இருந்தா நான் காட்டுவேன்." முந்திரி மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இதைக் கேட்டார். எழுதக்கூடாது என்று நான் சொன்னேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அன்று செய்தேன். அந்த முதல் ரத்தம் வளராதது எங்கள் கரண்டினால் என்பதை வாயாலாவது அழுத்தி, இரண்டு முறை, அவர் வீட்டில் போய்ச் சொல்லும்படியாகச் சொல்லவில்லை. "அது புயலாலம்மா" என்று போகிற போக்கில் முனகினேன். பின்னால் வரிசை நின்றது.

48

நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியை ஒரு கதை சொல்வார். 1920களில் தியோஃபிலஸ் பெயின்டர் என்ற அமெரிக்கர் மனிதச் செல்லில் எத்தனை குரோமோசோம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதைய ஸ்லைடில் குரோமோசோம்கள் நூற்கண்டு சிக்கினாற்போல்தான் தெரியும். 1921இல், மிகத் தெளிவாகத் தெரிந்த செல்களில் 46தான் இருந்தது என்று எழுதியவர், 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அதன்பிறகு முப்பது வருடம் உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் 48. பலரும் எண்ணினார்கள், பலருக்கும் 48 கிடைத்தது.

இதில் என்னை உலுக்கியது பெயின்டர் இல்லை. 1952இல் டெக்சாஸில் சூ என்ற சீன விஞ்ஞானி வேலை பார்த்த ஆய்வகத்தில் யாரோ உப்புக்கரைசலில் தண்ணீரைக் கூடுதலாகக் கலந்துவிட்டார்கள். செல்கள் உப்பி, குரோமோசோம்கள் அழகாக விலகி விரிந்தன. நாங்கள் இன்றைக்கும் செய்கிற உப்பச் செய்யும் வேலை அந்தத் தவறிலிருந்து வந்ததுதான். கலந்தவர் யார் என்று சூவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எங்களைப் போன்ற ஒரு டெக்னீஷியனாகத்தான் இருக்க வேண்டும். ஆக, உலகத்திலேயே அதுவரை யாரும் பார்க்காத தெளிவான ஸ்லைடு சூவின் கண்முன்னே இருந்தது. அப்போதும் அவர் 48 என்றுதான் எழுதினார். 1955 டிசம்பர் 22 அன்று, சுவீடனில் லுண்ட் நகரத்தில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ எண்ணிப் பார்த்தார். 46 வந்தது. திரும்ப எண்ணினார், மறுபடி 46. அவரும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் அதை வெளியிட்டார்கள்.

படிக்கும்போது இது எனக்குப் பரீட்சைக் கேள்வி. வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது, ஸ்லைடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது என்று. எந்தப் பதில் வரும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டு எண்ணினால் அந்தப் பதில்தான் வரும். அந்தப் பெண்ணின் வீட்டில் பதில் முதலிலேயே முடிவாகியிருந்தது. ரத்தம் யாருடையது வந்தது என்று பாருங்கள். கலைந்தது இருவருடைய கரு, சோதனைக்கு வந்தது ஒருவருடைய ரத்தம். எங்கள் கையில் 46 வந்ததும் அந்த வீட்டில் கேள்வி கணவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. "அதுல ஒண்ணும் இல்லையாம், வேற ஏதோ இருக்கு இவகிட்ட" என்று போனது. இது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது.

வீட்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஜன்னலுக்கு வருகிற சீட்டில் பாதிக்கு மேல் மனைவி பெயர் மட்டும்தான் இருக்கும். "முதல்ல அவங்களுக்குப் பாருங்க, நார்மல்னா அப்புறம் இவருக்குப் பாக்கலாம்" என்பார்கள். செலவு ஒரு காரணம், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிற வீட்டுக்கு ஒரு காரியோடைப் செலவே பெரிது, இரண்டு என்றால் கடன்தான். ஆனால் திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை, இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் இடம் மாறி அமைந்திருக்கும். அது கணவனாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் அது பாதிப் பரிசோதனை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சேர்ந்து கொடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துச் சேர்ந்து கொடுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு வேகம் வரக் காரணம் என் பெரியத்தை. கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்து, நான்கு கலைந்து, 1970களின் நடுவில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அத்தை எங்கள் வீட்டில் முறுக்கு சுற்றி விற்றே கடைசிவரை வாழ்ந்தார். யாருடைய ரத்தத்தையும் யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் வளைகாப்புக்கு எல்லோரும் கிளம்பும்போது அத்தை மட்டும் வாசலில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் வரவில்லை என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

45

2013 ஜூன் மாதம் ஒரு ஆணின் ரத்தம் வந்தது. சீட்டில் எண் மட்டும் இருக்கும், நாங்கள் பெயர் பார்த்து எண்ணுவதில்லை. முதல் செல்லில் 45. ஒன்று ஸ்லைடில் சிதறிப் போயிருக்கும் என்று அடுத்த செல்லுக்குப் போனேன். 45. பத்தாவது செல்லுக்கு வரும்போது தெரிந்துவிட்டது. 13ஆம் குரோமோசோம் ஒன்று, 14ஆம் குரோமோசோம் ஒன்று, இரண்டும் கழுத்தோடு கழுத்தாக ஒட்டி ஒரே நீளக் குரோமோசோமாக நின்றன. இருபது செல்லிலும் அப்படியே. இந்த வகை ஒட்டலுக்கு ராபர்ட்சன் என்பவரின் பெயர். 1916இல் அவர் இதை வெட்டுக்கிளி இனங்களில் பார்த்து எழுதினார். மனிதர்களில் 13உம் 14உம் ஒட்டியிருப்பதுதான் இதில் மிக அதிகம், சுமார் 1300 பேரில் ஒருவருக்கு இருக்கும். அதாவது, தேரடித் திருவிழாக் கூட்டத்தில் நம்மைச் சுற்றி நிற்கிறவர்களிலேயே சிலருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது.

பதிவேட்டில் பழைய எண் ஒன்றும் குறித்திருந்தது. மனைவியின் அறிக்கை எண். திருப்பிப் பார்த்தேன். பண்ருட்டிப் பக்கத்துப் பெண்.

அந்தப் பெண் மூன்றாவதாகப் போய்ப் பார்த்த பெண் டாக்டர் ஒருவர், அவர் பர்சிலிருந்து எடுத்துக் காட்டிய அந்த மடித்த தாளைப் பார்த்ததும், "உங்களுக்குப் பார்த்தாச்சு, இனி அவருக்குப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று உறுதியாக நின்றிருக்கிறார். தமிழில் வரி இல்லாத தாள் அங்கே ஒருவழியாகப் பயன்பட்டது.

முடிவைச் சொல்ல எங்கள் டாக்டர் அவர்களை வரச்சொன்னபோது, படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். அதனால் அறையில் நானும் இருந்தேன். கணவர், மனைவி, மாமியார், மூன்று பேர். டாக்டர் பொறுமையானவர். ஆனால் "பேலன்ஸ்டு டிரான்ஸ்லொகேஷன் கேரியர்" என்ற சொல்லைத் தாண்டி அவரால் தமிழில் நகர முடியவில்லை. மாமியார் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் 46, என் பிள்ளைக்கு 45ன்னா, ஒண்ணு கம்மியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மேஜையில் இருந்த இரண்டு பதிவு நோட்டை எடுத்தேன். "அம்மா, இது ஒரு நோட்டு, இது ஒரு நோட்டு. இரண்டையும் சேர்த்து ஒண்ணா பைண்டு பண்ணிட்டா எண்ணிக்கையில ஒண்ணு குறையும். உள்ள எழுதினது எங்கயாவது போச்சா? மேல இருந்த அட்டை மட்டும் போச்சு. அந்த மாதிரி அட்டை வேற நோட்டுலயும் இருக்கு." சரியாகவே சொன்னேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்துக்கும் ஒரு பக்கத்துக் கை மிகக் குட்டையாக இருக்கும். அதில் இருக்கும் செய்தி இந்த ஐந்திலும் திரும்பத் திரும்ப இருப்பதால், இரண்டில் இழந்தாலும் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் முழு ஆரோக்கியமான ஆள், கபடி ஆடுகிறவர். சிக்கல் விந்தணு உருவாகும்போதுதான். பைண்டு பண்ணிய நோட்டையும் தனியாக இருக்கும் 13, 14ஐயும் இரண்டாகப் பங்கு போட வேண்டும். பங்கு சரியாகப் பிரிந்தால் குழந்தைக்கு 46 இருக்கும், அல்லது அப்பாவைப் போல 45 இருக்கும், இரண்டிலும் குழந்தை நன்றாக இருக்கும். பங்கு தவறினால் 14 ஒன்று கூடும் அல்லது குறையும், அந்தக் கரு தங்காது. 13 ஒன்று கூடினாலும் பெரும்பாலும் கலைந்துவிடும். அபூர்வமாகப் பிறந்தால் படாவ் என்கிற கடுமையான நிலை, அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த கருவில் ஸ்கேனும் தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் செய்யலாம் என்றார் டாக்டர். கலைந்த மூன்றுக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம், என்பதையும் சொன்னார்.

மாமியார் நோட்டு இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "இவனுக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு கலைஞ்சிடுச்சி" என்றார். "அப்ப எங்க மாமியா என்னைத்தான் சொன்னாங்க." மருமகளைப் பார்த்துச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஒட்டிய குரோமோசோம் அவரிடமிருந்து மகனுக்கு வந்ததா, அவர் கணவரிடமிருந்து வந்ததா, புதிதாக உண்டானதா என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அறையில் பழி இன்னொரு பெண் மேல் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று. "இதனால இவரு உடம்புக்குப் பின்னாடி ஒண்ணும் ஆகாதே, மேடம்?"

முந்தைய வருடம் பிப்ரவரியில் என்னை அக்கா என்றவர் அன்று மேடம் என்று டாக்டரைப் பார்த்துக் கேட்டார். என்னை அவருக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் பிறகு எங்களிடம் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் இடத்திலெல்லாம் "அப்புறம் குழந்தை பிறந்ததா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. பிறந்திருந்தால் சந்தோஷம். பிறந்திருந்தால்தான் அவர் மேல் போட்ட பழி தவறாகும் என்று நினைத்துக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

காரணம் வேறு, குற்றம் வேறு

இந்த இடத்தில் ஒன்றை மறைத்துவிட்டுப் போனால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். எல்லாக் குரோமோசோம் மாற்றத்திலும் கணக்கு இப்படி ஆண் பக்கம் விழுவதில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருக்கும். அந்த மூன்றாவது பெரும்பாலும் அம்மாவின் கருமுட்டையிலிருந்து வந்தது. அம்மாவுக்கு வயது கூடக் கூட இதன் வாய்ப்பும் கூடும். 25 வயதில் ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கு என்றால், 40இல் நூறு பேரில் ஒருவருக்கு. "அப்ப அம்மாவாலதானே?" என்று ஒரு தாத்தா என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு.

அவரிடம் நான் சொன்னது இது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே, அவளுடைய அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிரிவதற்குத் தயாராகி, அந்த நிலையிலேயே நின்றுவிடும். இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து ஒரு மாதம் ஒரு முட்டைக்கு முறை வரும்போதுதான் மீதிப் பிரிவு நடக்கும். அத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த பிடி சில சமயம் தளர்ந்து, 21 இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். உங்கள் மருமகள் சாப்பிட்ட பப்பாளியும் கிரகணத்தன்று வெளியே வந்ததும் அந்த முட்டைக்குள் போய் எதையும் பிரிக்கவில்லை. அந்த முட்டை உருவானது உங்கள் சம்பந்தி அம்மாவின் வயிற்றில். அதற்காக அவரையும் திட்டிவிடாதீர்கள்.

தமிழில் காரணம் என்று ஒரு சொல் இருக்கிறது, குற்றம் என்று ஒரு சொல் இருக்கிறது. பேசும்போது இரண்டையும் ஒன்றாக்கி "உன்னாலதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். "மழையாலதான் வெள்ளம்" என்பதற்கும் "உன்னாலதான் இப்படி" என்பதற்கும் அதே 'ஆல்'தான். டாக்டர் அறையில் சொன்ன காரணம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே குற்றமாகிவிடுகிறது. சொந்தத்தில் கட்டியதும் இதில் வந்து கலந்துகொள்ளும். அத்தை மகள், அக்கா மகள் என்று கட்டிய வீடுகளில் சில மரபணு நோய்களுக்கு வாய்ப்பு கூடுவது உண்மை. இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து குழந்தையிடம் சேரும் வகை அது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் அப்படி முடிச்சுப் போட முடியாது. ஆனால் ஜன்னலில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கரு கலைவதே எவ்வளவு சாதாரணம் என்பது. முதல் மூன்று மாதத்தில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கை கூடியோ குறைந்தோ இருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றில் அப்பா, அம்மா இருவருமே 46தான். 16ஆம் குரோமோசோம் மூன்றாகிக் கலைவது நிறைய. உடம்பு முழுக்க அப்படி இருக்கும் குழந்தை பிறப்பதே இல்லை. என் பெரியத்தை வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை வருடத்தில் இந்த ஒரு தகவலை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம்.

அரைப்பக்கம்

2014இல் டாக்டரிடம் கேட்டேன், அறிக்கையோடு சேர்த்துத் தமிழில் அரைப்பக்கம் கொடுக்கலாமா என்று. அறிக்கை அறிக்கையாகவே இருக்கட்டும், இது தனித்தாள், நீங்கள் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். சரி என்றார், எழுதிக்கொண்டு வா என்றார். நினைத்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் குரோமோசோம் பிறழ்ச்சி என்று வரும். பிறழ்ச்சி என்று எழுதிப் பார்த்தேன். பிறழ் சாட்சி நினைவுக்கு வந்தது. கோளாறு என்றால் மோட்டார் பம்பு. குறைபாடு என்று போட்டால், அதற்குள் இருக்கும் குறை என்ற சொல்லை மட்டும் வீடு எடுத்துக்கொள்ளும். கடைசியில் மாற்றம் என்று எழுதினேன். மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம், தொந்தரவாகவும் இருக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

46 வந்தவர்களுக்கு எழுதிய முதல் வரி: "இவருடைய ரத்தத்தில் பார்த்த குரோமோசோம்கள் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் இயல்பாக இருக்கின்றன." அந்தப் பெண் கேட்டது இதைத்தான், இரண்டு வருடம் பிந்தி. கல்ச்சர் மறுபடி செய்ய வேண்டியிருந்தால் "ஆய்வகக் காரணத்தால் மீண்டும் ரத்தம் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி. போனில் பேசுகிறவர்களுக்கும் சொல்லிவைத்தேன், வளரலை என்ற வார்த்தை இந்த ஜன்னலைத் தாண்டக்கூடாது என்று.

ஒட்டியிருக்கும் வகைக்கு மட்டும் வெகுநாள் திருப்தியில்லை. "13ஆம், 14ஆம் குரோமோசோம்களுக்கு இடையே சமநிலை இடமாற்றம் உள்ளது, இதனால் இவர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை" என்று இருந்தது. அடுத்த வருடம் ஒரு மழை நாளில் தாளை வாங்கிக்கொண்ட ஒரு குடும்பம், குடை இல்லாமல் வராந்தாவில் நின்றது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பெண், பாட்டிக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். முதல் மூன்று வரியும் சரளமாக வந்தது. சமநிலை இடமாற்றத்தில் நின்றாள். எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் பாட்டி, "இடம் மாத்திட்டாங்களா? யாரு?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. நான் ஜன்னலை விட்டு வெளியே போய், "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாட்டி" என்றேன்.

"ஒட்டிக்கிட்டு இருக்குன்னா இருக்குதானே?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றார் பாட்டி.

அன்று சாயந்திரம் கம்ப்யூட்டரைத் திறந்து இடமாற்றத்தை அடித்துவிட்டு, "இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, எதுவும் குறையவில்லை" என்று மாற்றினேன். டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.